நம்பர் துண்டு

ஷெட்டுக்குள் வந்த அப்பா காரைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தார். கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெறுமையாக இருந்தது.

"இதுல தொங்குனதெல்லாம் எங்கலே?"

ஆக்கர்காரரை வரச்சொல்லி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். பழைய இரும்பும் பேப்பரும் எடுக்கிறவரை எங்கள் பக்கம் ஆக்கர்காரர் என்போம். சனிக்கிழமை காலையில் அவர் சின்ன லோடு வண்டியோடு வந்தார். இருவரும் சேர்ந்து துரு ஏறிய தகட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். அவர் போன பிறகு, எண்ணெய் சிந்திய இடத்தில் மரத்தூள் தூவித் தரையைத் துடைத்தேன். மறுநாள் கார் முதலாளி திருவனந்தபுரத்திலிருந்து நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. அவர்கள் நின்று பார்க்கும்போது தலைக்கு மேலே துருத் தகடுகள் ஆடிக்கொண்டிருப்பது எனக்குக் கேவலமாகப் பட்டது. வந்தவர்களில் ஒருவர், ஷெட்டை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவும் செய்தார்.

அப்பா அந்த மூன்று நாளும் ஊரில் இல்லை. ஆரல்வாய்மொழியில் அவருடைய அத்தை இறந்துபோய், துட்டி வீட்டில் இருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில்தான் திரும்பியிருந்தார்.

பெயின்ட் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று காத்து நின்றேன். திட்டவில்லை.

"நம்பரு அதுலதாம்லே இருந்துது" என்றார்.

அந்தக் கார் இத்தாலியில் செய்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். துணிக்கூரையைப் பின்னால் மடக்கிப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஷெட்டில் அதற்கு ‘இத்தாலி’ என்றே பெயர். "இத்தாலிக்கு வாதில் ஒட்டணும்" என்பார் அப்பா, கதவைச் சொல்லி. அதைப் பழங்கால வாகனம் என்று தனியாகப் பதிவு செய்ய முதலாளி விண்ணப்பித்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை அதிகாரி எங்கள் ஷெட்டுக்கே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் முதலில் பார்க்கப்போவது சேசிஸ் நம்பரைத்தான். கால் வைக்கும் இடத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தகடு உண்டு. நம்பர் குத்தியிருந்தது அதில். தகட்டின் கீழ்ப்பாதியைத் துரு தின்றுவிட்டதால், அப்பா நம்பர் இருந்த பாகத்தையும் சேர்த்து வெட்டி எடுத்திருந்தார். காரின் தரைவேலை முடிந்ததும் நம்பர் உள்ள நல்ல துண்டை மட்டும் முதலாளியின் கண்முன்னால் பழைய இடத்திலேயே வெல்டு வைப்பதாக இருந்தார்.

அவர் வேலை செய்யும் முறை அது. மூன்றாம் வகுப்போடு நின்றவர். அளவு எதையும் எழுதி வைக்கமாட்டார். வண்டியில் வெட்டிய ஒவ்வொரு துண்டையும் கட்டுக்கம்பியில் கோத்துக் குழாயில் தொங்கவிடுவார். மஞ்சள் பெயின்டில் அடையாளம் போடுவார். வலப்பக்கத் துண்டுக்கு ஒரு கோடு, இடப்பக்கத்துக்கு இரண்டு. புதுத் தகட்டை வளைக்கும்போது அண்ணாந்து பார்த்துக்கொள்வார். வண்டி ஷெட்டை விட்டுப் போகும்வரை அதில் ஒன்றையும் யாரும் தொடக் கூடாது. நான் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பார்த்த விஷயம் இது. ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு அவை துருவாக மட்டுமே தெரிந்தன.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். நம்பரின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துகள் தாளில் விழும். அதை அச்சு எடுப்பது என்பார்கள். வெட்டுவதற்கு முன் அப்பா என்னிடம், அச்சு எடுத்தாச்சா என்று கேட்டார். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த நம்பரை ஃபைலில் எழுதிவிட்டோமே, அது போதும் என்று நினைத்து, எடுத்தாச்சுப்பா என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. காகித விஷயத்தில் என் வாயிலிருந்து வருவது அவருக்குக் கடைசி வார்த்தை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்துப் படிக்க வைத்தாள். பி.காம். முடித்து, வண்டிகளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். அதனால்தான் காரின் வரலாற்றை எழுதும் பொறுப்பை முதலாளி என்னிடம் கொடுத்தார். யார் யாரிடம் இருந்தது, எப்போது என்ன வேலை நடந்தது என்று ஒரு ஃபைல் வேண்டும் என்றார்.

அந்த ஃபைலுக்காக ஐந்து மாதம் அலைந்திருந்தேன். காரை முதலில் கொண்டுவந்தவர் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர், வெளிநாட்டுக்காரர். கொச்சியில் கப்பலிலிருந்து இறக்கியிருக்கிறார். அவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வாங்கினார். தரையோடு தாழ்ந்த கார், தோட்டத்துப் பாதையில் ஏறவில்லை. கல்யாணங்களுக்கு விட்டார். பிறகு மண்டைக்காட்டில் கொப்பரை வியாபாரம் செய்த ஒருவர் வாங்கி, அவரும் கல்யாணங்களுக்கே விட்டார். கடல்காற்றில் அடிப்பாகம் அரிக்க ஆரம்பித்ததும் தார் பூசினார். அவர் காலத்துக்குப் பிறகு கார் கொப்பரைக் கொட்டகையில் கிடந்தது. மஸ்கட்டில் முப்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய எங்கள் முதலாளி அதை அந்த வியாபாரியின் பிள்ளைகளிடமிருந்து வாங்கி எங்கள் ஷெட்டுக்கு இழுத்துவந்தார்.

காகிதத்தில் இவ்வளவு தெளிவாக இல்லை. நடுவில் பல வருடங்களுக்கு ஒரு சீட்டும் கிடையாது. அந்த இடைவெளியைக் கல்யாண ஆல்பங்கள்தான் நிரப்பின. அந்தக் காலத்தில் இங்கே கொஞ்சம் வசதியான வீட்டுக் கல்யாணம் என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் திறந்த காரில் வர வேண்டும். ஜில்லாவில் அப்படி இருந்தது இந்த ஒரு கார்தான் போலிருக்கிறது. வீடு வீடாகப் போய் ஆல்பம் கேட்டேன். குலசேகரத்தில் ஒரு அம்மா தன் கல்யாணப் படத்தை எடுத்துக் காட்டினார். "அவருக்குத் தலை தெரியல்ல பாத்தியா மக்கா. காரு மட்டும் முழுசா விழுந்திருக்கு" என்றார். அன்று வழியில் மழை பிடித்திருக்கிறது. கூரையை இழுத்தால் பாதியில் சிக்கிக்கொண்டது. அவருடைய பட்டுப்புடவைச் சாயம் சீட்டில் இறங்கிவிட்டதாம். வருடத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள ஊருக்கு மூடாத கார் என்று சொல்லிச் சிரித்தார். ஷெட்டுக்கு வந்து சீட்டின் மேலுறையைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே பழைய தோலில் ஒரு சிவப்புக் கறை, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அன்று அப்பா என் முதுகில் தட்டினார். ஃபைலின் பெருமை எனக்குத் தலைக்கு ஏறியது அன்றுதான்.

இப்போது அந்த ஃபைலில் எல்லாம் இருந்தது. காரில் நம்பர் இல்லை.

அப்பாவைப் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆக்கர்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் திங்கட்கிழமையே சரக்கை அஞ்சுகிராமத்தில் உள்ள பெரிய இரும்புக் கிட்டங்கியில் இறக்கிவிட்டார். அங்கே போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. மதில் உயரத்துக்கு இரும்பு குவிந்து கிடந்தது. சைக்கிள், ஜன்னல் கம்பி, போட் இன்ஜின், தண்ணீர்த் தொட்டி. வியாழக்கிழமை லாரி வந்து மொத்தத்தையும் உருக்காலைக்கு ஏற்றிக்கொண்டு போகும், அதுவரை வேண்டுமானால் தேடிக்கொள்ளுங்கள் என்றார்கள். எந்தப் பக்கம் கொட்டினார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. எடைபோடும் அண்ணன் நாங்கள் குனிந்து குனிந்து இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தங்கமா தேடுகிய?"

அப்பா நிமிராமல், வண்டித் தகடு என்றார்.

"தங்கம்னா வீணா தேடாண்டாம்னு சொல்லலாம்னு பாத்தேன். நாங்க எடுத்திருப்போம்லா."

அன்று பொழுது சாயும்வரை தேடினோம். மறுநாள் காலையிலும் போனோம். வெயில் ஏற ஏற இரும்பு கையைச் சுட்டது. அப்பா பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு துண்டாகப் புரட்டினார். இத்தாலியின் கதவுத் துண்டு ஒன்று கிடைத்தது. பின்பக்கத் துண்டு இரண்டு. ஒவ்வொன்றையும் அவர் ஒரே பார்வையில் இல்லை என்று ஓரமாக வைத்தார்.

பதினொரு மணிபோல முதலாளி போன் செய்தார். ஷெட் பூட்டிக் கிடக்கிறதே, திங்கட்கிழமை ஆள் வருகிற நேரத்தில் எங்கே போனீர்கள் என்று கேட்டார். ஏதாவது ஒரு சாமான் வாங்க வந்தோம் என்று சொல்ல வாய் வந்தது. அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னேன். எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

முக்கால் மணி நேரத்தில் அவருடைய கார் கிட்டங்கி வாசலில் வந்து நின்றது. கத்தவில்லை. இரும்புக் குவியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"மேஸ்திரி, பையன் தெரியாம போட்டான்னு நான் நம்புவேன். கேக்கவன் நம்பணுமே. பழைய காரு நம்பருக்கு வெளியில என்ன கிராக்கின்னு ஒமக்குத் தெரியாததா? காரு கெடக்கு, நம்பர மட்டும் காணல்லன்னா ஆளுவ என்ன சொல்லும்?"

அப்பாவின் முகத்தில் கரி அப்பியிருந்தது. கண் மட்டும் தெரிந்தது. திருட்டு வண்டிகளுக்கு நம்பர் மாற்றிக்கொடுத்து ஜெயிலுக்குப் போன டிங்கர்களை எங்களுக்குத் தெரியும். அப்பாவிடம் வண்டி விடுகிறவர்கள் இடையில் வந்து எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அது முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த பெயர். முதலாளி ஒருவர் வாய் திறந்தால் அன்றோடு போய்விடும்.

அப்புறம் முதலாளி குரலைத் தாழ்த்தினார். ஒரு ஆள் உண்டு, பழைய மாடல் பஞ்ச் எல்லாம் வைத்திருக்கிறான், புதுத் தகட்டில் நம்பரை அடித்துத் தருவான், துருகூட ஏற்றித் தருவான் என்றார்.

"அப்பிடின்னா அது என் வேலை இல்ல, மொதலாளி" என்றார் அப்பா.

"நீரு ஒண்ணும் செய்யாண்டாம். தம்பி, நீ படிச்ச பிள்ளை. ஃபைல்ல அசல் நம்பர்னு ஒரு வரி இருந்தாப் போதும். ஒங்க அப்பாவுக்கும் நல்லது."

அந்த வரி எந்தப் பக்கத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்பதாம் பக்கம், நடுவில். அதை மனதுக்குள் எழுதியும் பார்த்தேன். சுலபமாகத்தான் இருந்தது. அப்பா என்ன நினைக்கிறார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முடியாது என்று சொன்னேனா என்றால், இல்லை. நாளை மதியம்வரை தேடிப் பார்க்கிறோம் என்றேன். அதற்குப் பிறகு அவர் சொல்வது நடக்கட்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை லாரி ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. ஜேசிபி குவியலின் கிழக்கு மூலையிலிருந்து அள்ள ஆரம்பித்தது. நாங்கள் மேற்குப் பக்கம் தேடினோம். ஒவ்வொரு முறையும் இரும்பு லாரிக்குள் விழும் சத்தத்தில் தரை அதிர்ந்தது. அள்ளிப் போட்டதில் நம்பர் துண்டு இருந்திருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் நினைத்துக்கொண்டே புரட்டினேன். கையில் இரண்டு இடத்தில் கிழிந்து ரத்தம் வந்தது. அது எப்போது நடந்தது என்றுகூடத் தெரியவில்லை. லாரி பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது.

திடீரென்று பக்கத்தில் அப்பாவைக் காணவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஜேசிபிக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஜேசிபியின் அள்ளும் கொத்து அவர் தலைக்கு மேல் நின்றுவிட்டது. ஓட்டுகிறவர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கெட்ட வார்த்தை சொன்னார். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. கொத்தின் பல்லிலிருந்து ஒரு கட்டுக்கம்பி வளையம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கம்பியின் நுனி கையைக் குத்தாதபடி உள்பக்கமாக மடித்து, இரண்டு சுற்று முறுக்கியிருந்தது. வேறு யாரும் அப்படி முறுக்கமாட்டார்கள்.

"எறக்கும்பிள்ளே. பைய எறக்கும்."

கொத்து இறங்கியது. வளையத்தைப் பிடித்து இழுத்தார். தண்ணீர்த் தொட்டி ஒன்றின் அடியிலிருந்து தாரும் துருவுமாக அந்தத் தகடு வந்தது. எடைபோடும் அண்ணன் டீசலும் பஞ்சும் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா துடைத்தார். தாரோடு சேர்ந்து அவர் போட்ட மஞ்சள் அடையாளமும் போய்விட்டது. அடியில் எழுத்துகள் தெரிந்தன. அவர் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிச் சொல்லச் சொல்ல, நான் கையோடு கொண்டுபோயிருந்த ஃபைலில் இருந்ததோடு ஒத்துப் பார்த்தேன். கடைசி எண் முடிந்த பிறகும் இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். பிறகு தகட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஓட்டுகிறவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்து, "இதுக்கா வேய் சாகப் பாத்தீரு?" என்றார்.

வெள்ளிக்கிழமை முதலாளியின் முன்னிலையில் அப்பா நல்ல பாகத்தைப் பிரித்து அதன் பழைய இடத்தில் வெல்டு வைத்தார். வெட்டியதே தெரியக் கூடாது என்றார் முதலாளி. கண்ணுக்குத் தெரியாதபடி அப்பா தேய்த்துக் கொடுத்தார். மிச்சம் வந்த துருப்பாகத்தைக் கம்பியில் கோத்து மறுபடியும் குழாயில் தொங்கவிட்டார். வண்டி இன்னும் ஷெட்டில்தானே இருக்கிறது.

நான் ஒன்பதாம் பக்கத்தை எழுதினேன். நம்பர் உள்ள தகடு வெட்டப்பட்டது, இதை எழுதுகிறவரின் தவறால் பழைய இரும்புக்குப் போனது, அஞ்சுகிராமத்தில் மீட்கப்பட்டது, அதே இடத்தில் பொருத்தப்பட்டது. ஒரு மஞ்சள் கோடு போட்ட துண்டு என்பதுவரை எழுதினேன். முதலாளி நின்றபடியே வாசித்தார். பைண்டிங் போட வேண்டும் என்று ஃபைலை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை வந்த அதிகாரி அதிகம் பேசாதவர். காரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். குனிந்து நம்பரைப் பார்த்தார். பிறகு கண்ணை எடுத்துவிட்டுக் கட்டைவிரலை மட்டும் தகட்டின்மேல் ஓடவிட்டார். விரல் ஒரு இடத்தில் நின்றது. திரும்பி வந்து மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

"இது வெட்டி ஒட்டினதா?"

"பழைய ரிப்பேராக்கும் சார். மண்டைக்காட்டுக்காரரு காலத்துல செஞ்சது" என்றார் முதலாளி.

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். எதிர்ப்பக்கம் நின்ற எனக்கு, நான் கையால் போட்ட பக்க எண்கள் தலைகீழாகத் தெரிந்தன. எட்டுக்குப் பிறகு பத்து வந்தது.

அவர் ஃபைலை மூடினார். முதலாளியைப் பார்க்கவில்லை. கையில் கழிவுப்பஞ்சோடு நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"வெல்டிங் பழசு இல்லையே. மேஸ்திரி, இந்த நம்பர் எங்கேருந்து வந்தது?"

முதலாளி பொய் சொல்கிறார் என்று அப்பாவால் சொல்ல முடியாது. வண்டி கொடுத்தவரை நேருக்கு நேர் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. பேசாமல் நின்றால் திருடன் என்று ஆகிவிடும்.

"இந்தக் காரிலேருந்துதான் சார்" என்றேன். "அத ஆக்கருக்குப் போட்டது நான்."

முதலாளி என் பெயரைச் சொல்லி நிறுத்தப் பார்த்தார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஷெட்டைக் கூட்டியது, அச்சு எடுக்காமல் எடுத்ததாகச் சொன்னது, கிட்டங்கி, ஜேசிபி, கிழித்த ஒன்பதாம் பக்கம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அதிகாரி கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், இதற்கெல்லாம் என்ன சாட்சி என்றார்.

என்னிடம் காகிதம் எதுவும் இல்லை.

அப்பா கையைத் தூக்கிக் குழாயில் தொங்கிய துருப்பாகத்தை இறக்கினார். அதிகாரிக்கும் முதலாளிக்கும் நடுவில் போய்க் காரின் உள்ளே குனிந்தார். அந்தத் தடுப்புத் தகட்டில் தொழிற்சாலையில் அழுத்திய மடிப்பு ஒன்று சாய்வாக ஓடும். வெட்டாமல் விட்ட மேல்பாகத்தில் தொடங்கி, நம்பர் துண்டின் குறுக்கே வந்து, கீழே அப்பாவின் புதுத் தகட்டில் முடிந்துபோகும். அவர் துருப்பாகத்தைப் புதுத் தகட்டின்மேல் அதன் இடத்தில் வைத்துப் பிடித்தார். மடிப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அடியில் இருந்த பழைய பச்சைப் பெயின்டும் மூன்று பாகத்திலும் ஒன்றாக இருந்தது. அதிகாரி டார்ச் அடித்து மேலிருந்து பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார். அவ்வளவு நேரமும் அப்பா கையை அசைக்கவில்லை.

"இப்பமாவது அச்சு எடுங்க" என்றார் அதிகாரி என்னிடம்.

தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். ஒவ்வொரு எண்ணாக எழுந்து வந்தது. நடந்ததை அங்கேயே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். நானும் அப்பாவும் கையெழுத்துப் போட்டோம். அப்பா தன் பெயரை எழுதி முடிக்கும்வரை அவர் காத்து நின்று வாங்கிக்கொண்டார்.

பதிவு சில மாதம் கழித்துக் கிடைத்ததாகக் கேள்வி. நம்பர் தகடு அதே வண்டியினது, வெட்டி மறுபடி பொருத்தப்பட்டது என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பால் காருக்கு மதிப்புக் குறைந்துவிட்டது என்று முதலாளி பல இடத்தில் சொன்னாராம். அப்பா நம்பரை விற்றார் என்று மட்டும் எங்கேயும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதிகாரி வந்துபோன அந்த வாரம் புதன்கிழமையே கூரைத்துணி போடாத காரைத் திருவனந்தபுரத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் நான்தான். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

காரை ஏற்றிய லாரி போன பிறகு அவர், மறுபடி தொங்கவிட்டிருந்த துருப்பாகத்தை இறக்கி, கம்பியைப் பிரித்துத் தனியே வைத்தார். அப்புறம், அன்றைக்கு எழுதிக் கொடுத்தாயே, அதை வாசி என்றார். என் நோட்டில் நகல் இருந்தது. நான் எழுதிய எதையும் அதுவரை வாசிக்கச் சொன்னவர் இல்லை. மெதுவாக வாசித்தேன். மஞ்சள் கோடு என்ற இடத்தில் கையைக் காட்டினார்.

"கோடு இல்லலே. அது நடுத்துண்டுல்லா. நடுத்துண்டுக்கு வட்டம்."

அதிகாரியிடம் கொடுத்தாச்சுப்பா என்றேன்.

"கொடுத்தது கெடக்கட்டும். ஒன் நோட்டுல மாத்து."

கோடு என்பதை அடித்து வட்டம் என்று எழுதினேன். எவ்வளவு பெரிய வட்டம் என்று கேட்டேன். அவர் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். அதையும் எழுதினேன்.